சிறு டிராக்டரும் உப்புக் காற்றும்

மாணவர்களே, திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம் வரும். ஒரு புறம் வங்கக் கடல்; மறு புறம் கழுவெளி ஏரி; இடையே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். அவ்வழியே பேருந்தில் செல்வோர் பலர், இவ்வூர் உப்பினால் மட்டுமே வாழ்கிறது என்று எண்ணுவர். சற்றே மேற்கே நடந்து பார்த்தால் வேறு காட்சி தோன்றும். மணற்பாங்கான மேட்டில் மல்லாட்டையும் தர்பூசணியும் சவுக்கும். ஏரிப் பாசனத்தில் நெல். நிலமோ துண்டு துண்டாகக் கிடக்கும். 2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவருக்குள்ள நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர்தான்; அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

இத்தகைய நிலத்தில் 45 குதிரைத் திறனுள்ள பெரிய டிராக்டர் இறங்கினால் என்ன ஆகும்? ஏறத்தாழ இரண்டு டன் எடை அது. வயலின் மூலைகளில் திரும்ப இடமின்றி வரப்பைச் சிதைக்கும்; ஈரமான வயலில் மண்ணை அழுத்தி இறுக்கிவிடும். உழவுமாடுகளோ அருகிவிட்டன. ஆகவே சிற்றுழவன் வாடகை டிராக்டருக்காகக் காத்திருக்கிறான். முறை வருவதற்குள் மண்ணின் பதம் போய்விடுகிறது. பதம் தவறிய உழவு பாதி விளைச்சலைத் தின்றுவிடும் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த இடர்ப்பாட்டை நமக்கு முன்னரே சந்தித்த நாடு ஜப்பான். அங்கும் நிலம் சிறிது. நெல்லே தலைமைப் பயிர். 1933ஆம் ஆண்டில் யான்மார் நிறுவனத்தின் யாமாவோக்கா மகோகிச்சி என்பவர், சிறுதொழிலுக்கும் வேளாண்மைக்கும் ஏற்ற சிறு டீசல் எஞ்சினை உருவாக்கினார். யான்மார் என்ற பெயரே தும்பியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து பிறந்தது. வயலில் தும்பி நிறைந்தால் விளைச்சல் நன்று என்பது அந்நாட்டு உழவர் நம்பிக்கை. குபோட்டா நிறுவனம் 1960இல் தன் முதல் நாற்சக்கர டிராக்டரை வெளியிட்டது. ஈசெக்கி, மிட்சுபிஷி, ஷிபாவுரா முதலியோரும் இத்துறையில் ஈடுபட்டனர். இவர்கள் பெரிய டிராக்டரைச் சுருக்கிச் சிறிதாக்கினார்கள் என்று எண்ண வேண்டா. சேற்று வயலையே அளவுகோலாக வைத்து, எடை குறைவாகவும், நான்கு சக்கரங்களும் இழுக்குமாறும், பின்னால் சுழற்கலப்பை பொருந்துமாறும் அமைத்தார்கள்.

அங்கே வயல் சிறியதாகையால் எந்திரம் ஆண்டில் சில நாட்களே ஓடும். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவோர் பெருகினர். பழையவை கப்பலேறி அமெரிக்காவுக்கும், வியட்நாம் போன்ற ஆசிய நாடுகளுக்கும் சென்றன. நம் நாட்டில் அவ்வாறு நேரே வந்த பழைய டிராக்டர்கள் குறைவே. ஜப்பானியத் தொழில்நுட்பத்தைப் பெற்று இங்கேயே செய்தவைதாம் மிகுதி. 1967இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியோடும், 1973இல் கேரளத்தின் அத்தாணியில் தொடங்கிய காம்கோ நிறுவனம் குபோட்டாவின் நுட்பத்தோடும் பவர் டில்லர்களைச் செய்தன. இவற்றுள் பழையன இரண்டு மூன்று கை மாறி இன்றும் விலைக்கு வருகின்றன. நேரே வந்ததோ இங்கே செய்ததோ, பழைய எந்திரத்தைச் சோதிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. உங்கள் தந்தையாரோ சிற்றப்பாவோ ஒன்றை வாங்க எண்ணும்போது, படித்த பிள்ளை என்று உங்களைத்தான் உடன் அழைத்துச் செல்வார். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியன சில.

முதலாவது, மொழி. ஜப்பான் நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட டிராக்டரில் எழுத்தெல்லாம் ஜப்பானியம். இது சிறு குறையன்று. அமெரிக்காவில் இத்தகைய பழைய குபோட்டா டிராக்டர்கள் பற்றி ஒரு வழக்கு நடந்தது. ஆங்கிலத்தில் எச்சரிக்கைக் குறிப்புகள் இல்லாமையையும் ஒரு காரணமாகக் கொண்டு, இவை அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்டவற்றினின்றும் வேறுபட்டவை என முடிவு செய்து, அவற்றின் இறக்குமதிக்கு விதித்த தடையை 1999இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. வழக்கு வணிகக் குறியைப் பற்றியது. ஆயினும் உழவனுக்கு அதில் பாடம் உண்டு. கருவிகளைச் சுழற்றும் பின் அச்சுக்கு அவ்வகை டிராக்டர்களில் பல வேகங்கள் இருக்கும். நம் கருவிகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கென்று செய்யப்பட்டவை. எழுத்தறியாமல் உயர்ந்த வேகத்தில் நெம்புகோலைத் தள்ளினால் கருவி சிதறும். அருகில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து. எந்த நிலை எந்த வேகம் என்பதைத் தெரிந்தவரைக் கொண்டு அறிந்து, தமிழில் எழுதி ஒட்டிவிடுவதே முதல் வேலை.

இனி உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மரக்காணத்தில் எந்திரத்தின் பகைவன் அதுதான். கடல்நீரில் சோற்றுப்பு மட்டும் இல்லை. பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு மிகுதி. தூய சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை ஈர்த்துக் கசியும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். கடற்கரையில் காற்று அவ்வளவு வறள்வது அரிது. ஆதலால் இரும்பின்மேல் படிந்த உப்புத்தூசி, மழையில்லாத கோடையிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாய் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். துரு அதனால் விரைகிறது. கொட்டகைக்குள் நிறுத்தியிருந்தேனே, எப்படித் துருப்பிடித்தது என்று வியப்போருக்கு இதுவே விடை.

துரு தகட்டை மட்டும் தின்பதில்லை. டிராக்டரில் மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம், எந்திரத்தின் உடல் வழியாகவே திரும்பி வருகிறது. உடலோடு கம்பி பொருந்தும் இடத்தில் துரு ஏறினால் தடை மிகும். எஞ்சினைத் தொடக்கும் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். மின்கலம் போயிற்று என்று புதியது வாங்குவோர் பலர். உப்புத்தாளால் அவ்விடத்தைத் தேய்த்து, கிரீஸ் தடவினாலே பல வேளை போதும். (உப்பின் பகையை உப்புத்தாள் தீர்ப்பது நம் மொழி செய்யும் வேடிக்கை!) ரேடியேட்டரிலும் கவனம் வேண்டும். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருத்தல் கூடும். அதை ஊற்றினால் உள்ளே உப்பும் சுண்ணமும் படியும். பிடித்து வைத்த மழைநீரோ, வாலைவடித்த நீரோ நல்லது.

வாங்குமுன் எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே தொடக்கச் சொல்லுங்கள். விற்பவர் முன்னரே சூடேற்றி வைத்திருந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்று ஐயுறலாம். நீலப் புகை விடாது வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். கியர்ப்பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே வயல்நீர் புகுந்திருக்கிறது. முன்சக்கர அச்சின் அடைப்பான்களில் கசிவு உண்டா என்றும் பாருங்கள். ஓடிய மணியைக் காட்டும் கடிகாரத்தை நான் நம்புவதில்லை. மிதிகட்டையின் தேய்மானம் அதைவிட உண்மை பேசும்.

உதிரி உறுப்புகளைப் பற்றி அச்சம் வேண்டா என்றும் சொல்வதற்கில்லை, கைவிட வேண்டும் என்றும் சொல்வதற்கில்லை. பேரிங்குகளும் பெரும்பாலான எண்ணெய் அடைப்பான்களும் உலகப் பொது அளவுகளில் அமைந்தவை. அவற்றின்மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு எந்த ஊரிலும் வாங்கலாம். கியர், பிஸ்டன் முதலியன அவ்வாறல்ல. அதற்கு டிராக்டரின் பெயரைவிட, எஞ்சின் உடலில் வார்த்த எஞ்சின் வகைப் பெயரே உதவும். ஒரே எஞ்சின் பல எந்திரங்களில் பொருத்தப்படுவதுண்டு. பதிவுச் சான்று இல்லாத டிராக்டரை, விலை எவ்வளவு குறைந்தாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியாமல் வாங்கலாகாது.

இன்னொன்று. பழைய சிறு டிராக்டர்கள் பலவற்றில், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு இல்லை. சிறிய எந்திரம் என்று அலட்சியமாக வரப்பேறுவோர் உண்டு. அரை டன் எடையும் ஒருவனை நசுக்கப் போதும். தகுந்த பட்டறையில் வலுவான வளைவைப் பொருத்தி, இருக்கைப் பட்டையும் அமைத்த பின்னரே வயலுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். உப்புப் பாத்திக்குள் மட்டும் எக்காரணம் கொண்டும் இறக்கலாகாது. காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய அக்களிமண் தரையை டயர் ஒரு நொடியில் கிழித்துவிடும். அதைச் சீராக்குவதற்கு உப்பளத் தொழிலாளர் மீண்டும் வெயிலில் நின்று மிதிக்க வேண்டியிருக்கும்.