ஏர் ரைஃபிள் பராமரிப்பு: நாமே செய்யலாமா, வாரண்டியை நம்பலாமா? பணக் கணக்கு என்ன சொல்லுது?



2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினார். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் அதே போட்டியில உலகக் கோப்பைத் தங்கம் வரைக்கும் போனாங்க. இதையெல்லாம் பார்த்துட்டு "என் பொண்ணையும் ரேஞ்சுல சேர்க்கலாமா?"ன்னு யோசிக்கிற பெற்றோர் இப்போ நிறைய பேர்.

சேர்த்த கொஞ்ச நாள்லயே துப்பாக்கி வாங்கற செலவு வந்துடும். ஆரம்ப நிலை ஸ்பிரிங் ரைஃபிள்னா ஆயிரங்கள்ல முடியும். ஜெர்மனி, ஆஸ்திரியாவுல இருந்து வர்ற போட்டி ரைஃபிள்னா லட்சங்கள். இவ்வளவு பணம் போட்ட பொருளுக்குச் சின்ன ரிப்பேர் வந்தா நாமே பிரிச்சுப் பார்க்கலாமா, இல்ல வாரண்டி இருக்குன்னு சர்வீஸுக்கு அனுப்பணுமா? இன்னிக்கு இதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல, வாரண்டி எதுக்கு?

பலரும் வாரண்டியை இலவச சர்வீஸ்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்லைங்க. தயாரிப்புல இருக்கிற குறைக்குக் கம்பெனி பொறுப்பு ஏத்துக்கறதுதான் வாரண்டி. பொதுவா தேயற பாகங்கள், தவறா பயன்படுத்தி வந்த கோளாறு, வெளியாள் பிரிச்சுப் பார்த்த ரைஃபிள், இதெல்லாம் அதுல வராது.

அதனால "பராமரிப்பா, வாரண்டியா?"ங்கற கேள்வியே கொஞ்சம் தப்பு. துடைக்கறது, எண்ணெய் போடறது, ஸ்க்ரூ சரிபார்க்கறது எல்லாம் எப்படியும் உங்க வேலைதான். சொல்லப்போனா, அதைச் செய்யாம விட்டா நாளைக்கு வாரண்டி கேட்கும்போது "சரியா பராமரிக்கலை"ன்னு கைய விரிக்கக் கம்பெனிக்கு ஒரு காரணம் கிடைச்சுடும்.

நீங்களே தாராளமா செய்யக்கூடிய வேலைகள்

எதைத் தொடறதுக்கு முன்னாடியும் ரைஃபிள்ல பெல்லட் இல்லைன்னு உறுதிப்படுத்திக்குங்க. குழலை எப்பவும் யாரும் இல்லாத பக்கமா வைங்க.

1. சுட்டு முடிச்சதும் கைரேகை, வியர்வை பட்ட இரும்புப் பகுதியை லேசா எண்ணெய் தொட்ட துணியால துடைக்கணும். சென்னை மாதிரி உப்புக்காத்து ஊருக்கு இது ரொம்ப முக்கியம்.

2. ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு தடவை சுடும்போதும் அதிரும். கட்டைல இருக்கிற ஸ்க்ரூ மெல்ல லூஸ் ஆகும். "குறி தவறுது, பேரல் போச்சு"ன்னு பயப்படறவங்க முதல்ல அந்த ஸ்க்ரூவைப் பாருங்க. பல நேரம் செலவே இல்லாம முடிஞ்சுடும்.

3. பேரலை அடிக்கடி குடைய வேண்டாம். குறி மோசமாகும்போது, துப்பாக்கியோட வந்த கையேடு அனுமதிச்சா சுத்தம் செய்யற பஞ்சு பெல்லட்டை விட்டுச் சுடலாம், அல்லது கயிறு கட்டின துணியை இழுக்கலாம்.

4. ஸ்பிரிங் ரைஃபிளைப் பெல்லட் இல்லாம சும்மா சுடக் கூடாது. முன்னாடி காத்து தடுக்காததால பிஸ்டன் வேகமா போய் மோதும். சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போயிடும். இழுத்து வச்ச நிலையிலேயே மணிக்கணக்கா விடறதும் வேண்டாம். வீட்ல பிள்ளைங்க ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டறேன்னு செய்யறது இதுதான்.

5. தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கற ஸ்ப்ரே இதையெல்லாம் காத்து அழுத்தப்படற அறைக்குள்ள விடவே விடாதீங்க. அழுத்தத்துல சூடாகி அந்த எண்ணெய் டீசல் இன்ஜின்ல மாதிரி பத்திக்கும். சீல் கருகும், ஆளுக்கும் ஆபத்து. கையேட்ல என்ன எண்ணெய், எத்தனை சொட்டுன்னு இருக்கோ அது மட்டும்தான்.

இன்னொண்ணு, பெல்லட் ஈயம். கையாண்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க.

தொடவே கூடாத வேலைகள்

ஸ்பிரிங் ரைஃபிள் உள்ள இருக்கிற ஸ்பிரிங் சும்மா இருக்கும்போதே அழுத்தத்துல இருக்கும். அதுக்குரிய கருவி இல்லாம கழட்டினா தெறிச்சு முகத்துல அடிக்கும்.

போட்டி ரைஃபிள்ல காத்து சிலிண்டர் இருக்கும். 200 பார் அழுத்தம்னா, கார் டயர்ல இருக்கிறதைப் போலக் கிட்டத்தட்ட நூறு மடங்கு. அதோட வால்வ், ரெகுலேட்டர் பக்கம் ஸ்பேனர் எடுத்துட்டுப் போகாதீங்க. வாரண்டி முடிஞ்ச பிறகும் இது சர்வீஸ் ஆளோட வேலைதான். ட்ரிக்கர் உள்பாகமும் அப்படியே. கையேட்ல சொன்ன வெளி ஸ்க்ரூவை மட்டும் திருப்பலாம்.

இதுல சட்டமும் இருக்கு. 2016 ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல விட்டமோ, 20 ஜூலுக்கு மேல சக்தியோ இருந்தா லைசென்ஸ் வேணும். "பவர் ஏத்தித் தர்றேன்"னு யாராவது பெரிய ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்தா, வாரண்டி மட்டும் போகாது. லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வச்சிருந்ததா ஆகலாம்.

இப்போ கணக்குக்கு வருவோம்

கீழ இருக்கிற தொகையெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டுக்குங்க.

₹15,000 ரைஃபிள், 1 வருஷ வாரண்டி. சர்வீஸ் சென்டர் வெளியூர்ல. பேக்கிங், போக வர அனுப்பற செலவு ₹1,500. திரும்பி வர 3 வாரம்.

முதல் கேஸ்: பேரல் பக்கத்து ரப்பர் வளையம் தேஞ்சு காத்து லீக். வளையம் ₹100. கையேடு அனுமதிச்சா நீங்களே மாத்திடுங்க. ₹100 பொருளுக்கு ₹1,500 செலவு பண்ணி 3 வாரம் ப்ராக்டிஸையும் விடறது எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்.

ரெண்டாவது கேஸ்: ஸ்பிரிங் உடைஞ்சுடுச்சு. வெளியில ₹4,000. வாரண்டியில ₹1,500. யோசிக்கவே வேண்டாம், வாரண்டிதான்.

மூணாவது கேஸ்லதான் நிறைய பேர் பணத்தை விடறாங்க. வாரண்டி இன்னும் 10 மாசம் பாக்கி. அனுப்பற செலவு ₹1,500-ஐ மிச்சம் பிடிக்கலாம்னு பக்கத்துக் கடைல பிரிச்சாச்சு. மூணு மாசம் கழிச்சு ₹4,000 வேலை வருது. "சீல் உடைஞ்சிருக்கே"ன்னு கம்பெனி கேட்குது. மிச்சம் ₹1,500, செலவு ₹4,000. அதனால ஸ்க்ரூ டிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி, பாக்கி இருக்கிற வாரண்டியும் ஒரு சொத்துன்னு கணக்குல சேருங்க.

வாரண்டி முடிஞ்ச பிறகு?

அப்போதான் தனியா ஒரு சர்வீஸ் நிதி வேணும். மாசம் ₹500 ஆர்டி போட்டா வருஷத்துக்கு ₹6,000, வட்டி தனி. சீல் மாத்தறது, வருஷாந்திர சர்வீஸ் எதுவும் வீட்டு பட்ஜெட்டை இடிக்காது.

பழைய போட்டி ரைஃபிள் வாங்கறவங்க இதைக் கட்டாயம் பாருங்க: சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. பெரிய ஐரோப்பிய கம்பெனிகள் பொதுவா 10 வருஷம்னு வச்சிருக்காங்க; தயாரிப்பு தேதி சிலிண்டர் மேலயே இருக்கும். சர்வதேச விதிப்படி, தேதி முடியாத சிலிண்டரை வச்சிருக்கிறது வீரரோட பொறுப்பு. 8 வருஷம் ஓடின சிலிண்டரோட விற்பனைக்கு வந்தா, புது சிலிண்டர் விலையைக் கேட்டுட்டு அப்புறம் பேரம் பேசுங்க. வாரண்டி ரெண்டாவது ஆளுக்கும் செல்லுமாங்கறதையும் எழுத்துல வாங்கிக்குங்க.

கம்பெனி மறுத்தா?

பில், வாரண்டி கார்டு, சீரியல் நம்பர் போட்டோ மூணையும் வாங்கின அன்னிக்கே போன்ல ஏத்தி வைங்க. கோளாறு வந்ததும் எதையும் கழட்டாம வீடியோ எடுங்க. போன்ல பேசினதோட நிக்காம மெயில்ல எழுதுங்க.

நியாயமான காரணம் இல்லாம மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அதுவும் ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். பொருளுக்குக் கொடுத்த விலை ₹5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணம் கிடையாது.

சுருக்கமா சொன்னா, வெளியில துடைக்கறது, இறுக்கறது உங்க வேலை. உள்ள இருக்கிற அழுத்தமும் ஸ்பிரிங்கும் சர்வீஸ் ஆளோட வேலை. நடுவுல சந்தேகமா ஏதாவது வந்தா கையேட்டைத் திறங்க, பில் தேதியைப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

உங்க வீட்ல ரைஃபிள் இருந்தா இன்னிக்கு ராத்திரியே வாரண்டி கார்டை எடுத்து "எதெல்லாம் கவர் ஆகாது"ங்கற பகுதியை மட்டும் படிங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும். புரியாத வரி இருந்தா கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல பேசுவோம்.