கட்டங்களாகத் தோன்றும் தமிழ்: லினக்ஸ் நிறுவிய பின் குறை காணும் முறை

லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய கணினியில் இருவகைக் குறைகள் எதிர்ப்படலாம். ஒன்று, இணைய இணைப்புக் கிடைக்காமை. மற்றொன்று, திரையில் தமிழ் சீராகத் தோன்றாமை. இவற்றைக் கண்டதும் 'இதில் தமிழ் வராது' என முடிவு கட்டி ஆங்கிலத்திற்கு மாறிவிடுவோர் நம்மிடையே உளர். உண்மையில் ஏதோ ஓர் அடுக்கில் ஒரு பகுதி விடுபட்டிருக்கும், அவ்வளவே. ஒலியன், உருபன், தொடர் என மொழியைப் படிநிலைகளாகப் பிரித்து ஆராய்வது போல, குறை எந்த அடுக்கில் உள்ளது என்பதை அறிவதே முதற்பணியாகும்.

இணைப்பை முதலில் சீராக்குதல் வேண்டும். எழுத்துருக்களும் உள்ளீட்டுக் கருவிகளும் இணையவழியே வந்து சேர்கின்றன. கம்பிவழி இணைப்பு இயங்கி, வைஃபை மட்டும் இயங்கவில்லையெனில், வைஃபை சில்லுக்குரிய நிலைபொருள் இல்லாதிருக்கலாம். உரிமக் கட்டுப்பாடு காரணமாக டெபியன் இத்தகைய நிலைபொருள்களைத் தன் நிறுவியில் சேர்க்காதிருந்தது. 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்து சேர்த்து வருகிறது. கம்பிவழி இணைப்பு இல்லாத இடத்தில், கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்து, தேவையானவற்றைப் பதிவிறக்கலாம். இணைப்பு இருந்தும் இணையத்தளங்கள் திறக்கவில்லையெனில், 'பிங்' கட்டளையால் 8.8.8.8 என்னும் எண் முகவரியைச் சோதிக்கலாம். மறுமொழி வருமாயின் வழி திறந்தே உள்ளது. தளப்பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பையே திருத்த வேண்டும்.

அடுத்தது திரை. லினக்ஸ் முதன்முதலாக வெளியான 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பும் வெளிவந்தது. அதில் தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆகவே தமிழுக்கு இடம் உண்டு, எழுத்துருதான் இல்லாதிருக்கலாம். எழுத்துகளுக்கு ஈடாக வெற்றுக் கட்டங்கள் தோன்றினால் நோட்டோ, லோகித் போன்ற தமிழ் எழுத்துருவை நிறுவுதல் போதும்.

எழுத்துகள் தோன்றியும் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நின்றால் காரணம் வேறு. 'கெ' என எழுதுகையில் கொம்பு முன்னே நிற்கிறது. ஒலிக்கையில் மெய்யே முந்துகிறது. ஒருங்குறி ஒலிப்பு வரிசையில் சேமிக்கிறது. அதனை எழுத்து வரிசைக்கு மாற்றுவது வடிவமைப்பு நிரலின் பணி. கட்டளைச் சாளரங்கள் பலவற்றில் இப்பணி முழுமையாக நிகழ்வதில்லை. அதே வரியை லிப்ரே ஆபிஸில் திறந்து பார்க்கலாம். அங்குச் சீராகத் தோன்றினால், கோப்பிலோ எழுத்துருவிலோ பழுதில்லை என்பது தெளிவு.

பழைய கோப்பொன்றில் பொருளற்ற ரோமன் குறிகள் தோன்றுமாயின், அது ஒருங்குறி பரவலாவதற்கு முன் வழங்கிய திஸ்கி போன்ற குறியேற்றத்தில் அமைந்ததாக இருக்கக்கூடும். ஒருங்குறிக்கு மாற்றுவதே அதற்கு நிலையான தீர்வு.

எஞ்சியிருப்பது உள்ளீடு. ஐபஸ் கருவியுடன் எம்17என் தொகுப்பையும் நிறுவி, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால், விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 தெரிவாகக் கிடைக்கும்.

உதவி கேட்கும்போது 'தமிழ் வரவில்லை' என்பது போதாது. கட்டமா, கொம்பு மாற்றமா, ரோமன் குறியா என்று குறிப்பிட்டுக் கேட்டால் விடை விரைவில் கிடைக்கும். கணினியில் தமிழைக் கைவிடுவதற்கான காரணமும் ஒன்று குறையும்.