தனி விளக்கும் தீப வரிசையும்

2024 டிசம்பர் 13-ந் தேதி திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம். அதற்கு முதல் நாள் சிங்கப்பூரில், சென்னை வாலிபர் டி. குகேஷ் ஆனந்தக் கண்ணீர் உகுத்தார். பதினான்காவது ஆட்டத்தின் 55-வது நகர்த்தலில் சீன வீரர் டிங் லிரன் யானையைத் தகாத கட்டத்தில் வைத்தார். குகேஷ் அப்பிழையை விடவில்லை. 7½–6½ என்ற கணக்கில் சதுரங்க உலகப் பட்டம் அவருடையதாயிற்று. வயது 18! 1985-இல் அதே பட்டத்தை வென்றபோது காஸ்பரோவுக்கு வயது 22 என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

"எல்லாம் பிறவி ஞானம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஞானம் மட்டும் போதுமா?

மீர் சுல்தான் கான் என்பவரின் சரித்திரத்தைப் பாருங்கள். பஞ்சாபில் பிறந்தவர், நம் நாட்டு முறைச் சதுரங்கத்தில் தேர்ந்தவர். உமர் ஹயாத் கான் என்னும் பிரபு அவரை 1929-இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் பெற்றார். 1932, 1933-லும் பெற்றார். ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில் மகாமேதை காபாபிளாங்காவையே தோற்கடித்தார். 1933-இல் பிரபு தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அத்துடன் சர்வதேசப் பந்தயங்களில் அவர் பெயர் மறைந்தது. 1966-இல் காலமானார். கிராண்ட்மாஸ்டர் என்னும் கௌரவம் அவரைத் தேடி வந்ததோ 2024-இல்! ஒரு பிரபுவின் தயவில் எரிந்த விளக்கு, அத்தயவு நீங்கியதும் அணைந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானவர் மானுவல் ஆரோன். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1962-இல் ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷ், உல்மன் ஆகிய பெரும் வீரர்களை வென்றவர். ஆயினும் அவர் செய்த உயர்ந்த காரியம் வேறொன்று என்பேன். 1972-இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கினார். புத்தகங்களும், பலகைகளும், தன்னைவிட வலியவருடன் மோதும் வாய்ப்பும் சிறுவர்களுக்கு அங்கே கிட்டின. தாயாரிடம் ஆட்டம் பயின்ற விசுவநாதன் ஆனந்த் அங்கேதான் வளர்ந்தார். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். பின்னர் உலக சாம்பியனுமானார். அந்த ஆனந்தின் பயிற்சிக் கழகத்தில் தேர்ச்சி பெற்றவரே குகேஷ்.

மலைத் தீபத்தைக் கண்டபின் வீடுதோறும் அகல் ஏற்றுவது நம் வழக்கம் அல்லவா? ஆகவே, திருவண்ணாமலை போன்ற ஊர்களில் வாழும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். குகேஷைப் புகழ்வதோடு நில்லாதீர்கள். பள்ளியிலோ, நூல்நிலையத்திலோ வாரம் ஒரு மாலை நான்கு பலகைகளை விரித்து வையுங்கள். சிறுவர் சிறுமியர் தோற்கட்டும். தோற்றதன் காரணத்தைத் தேடட்டும். அடுத்த தீபம் அங்கிருந்தும் எழலாம்.