அழிக்காமல் திருத்தும் கலை

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கி, 1990இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போட்டோஷாப் மென்பொருளில், லேயர் எனப்படும் அடுக்கு வசதி 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. படம், எழுத்து, நிழல் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்கில் வைப்பதால், ஒன்றைத் திருத்தும்போது மற்றவை பாதிக்கப்படுவதில்லை.

அடுக்கின் முழுப் பயனையும் தருவது மாஸ்க் என்னும் மறைப்பு. அழிப்பானால் பின்னணியை நீக்கினால் அப்பகுதி படத்திலிருந்தே போய்விடும். மாஸ்க்கில் கறுப்பு பூசினாலோ அது கண்ணுக்கு மறையுமே தவிர அழியாது, வெள்ளை பூசினால் மீண்டும் தெரியும், சாம்பல் பூசினால் அரைகுறையாகத் தெரியும். தலைமுடியின் ஓரத்தைப் பிரித்தெடுக்கையில், மெல்லிய இழைகளினூடே பின்னணியும் கலந்து தெரிவதால், இச்சாம்பல் நிறமே விளிம்பை இயல்பாகக் காட்டுகிறது.

ஒளியையும் வண்ணத்தையும் மாற்றுவதற்கும் மூலப்படத்தைத் தொடாத அட்ஜஸ்ட்மென்ட் லேயரே ஏற்றது. அதில் கர்வ்ஸ் என்னும் ஒளியளவுக் கோட்டை லேசாக எஸ் வடிவில் வளைத்தால், நிழற்பகுதிகள் ஆழ்ந்து, ஒளிப்பகுதிகள் பளிச்சிட்டு, படம் எடுப்பாகிறது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் அடுக்கும் மாஸ்க்கும் உண்டு. ஜேபெக் கோப்பில் அடுக்குகள் அனைத்தும் ஒன்றாகிவிடுமாதலால், அடுக்குகளைக் காக்கும் பிஎஸ்டி, எக்ஸ்சிஎஃப் போன்ற மூலக்கோப்பைத் தவறாமல் சேமித்துவைக்கும் வடிவமைப்பாளராலேயே, வாடிக்கையாளர் பின்னர் கேட்கும் மாற்றத்தை எளிதில் செய்துதர முடியும்.