குளத்துக்குப் பிடித்த பீடை

மாணிக்கவாசகப் பெருமான் அவதரித்த திருவாதவூர், மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ப் பக்கத்தில் இருக்கிறது. கண்மாயும் ஊருணியும் குட்டையுமாக, தேங்கிய ஜலத்தை நம்பி வாழ்கிற சீமை அது. 1895-ம் வருஷத்தில் பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடிய வெள்ளம் கிழக்கே திரும்பிய பிறகே மேலூர் வயல்களுக்கு நல்ல காலம் பிறந்தது. இத்தகைய இடத்தில் ஒருவருடைய தோட்டத்தில் சிறு குளம் ஒன்று இருந்தால் அதன் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுக்குத் தண்ணீரும் கிணற்றுக்கு ஊற்றும் அதுதான்.

அந்தக் குளத்தில் ஒரு நாள் ஊதாப் பூ ஒன்று தலை நீட்டுகிறது. குழந்தைகள் கை கொட்டிச் சிரிக்கிறார்கள். "அழகாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்கிறார் வீட்டுக்காரர். அடுத்த மழைக்காலத்தில் பார்த்தால், குளத்தில் தண்ணீர் இருக்கிற அடையாளமே தெரிவதில்லை!

வந்த விருந்தாளி

வெங்காயத்தாமரை என்பது அதன் பெயர். இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பியிருப்பதால் அப்படிச் சொல்லுகிறார்கள். பலர் இதையே ஆகாயத்தாமரை என்றும் அழைப்பதுண்டு. ஆனால் சித்த வைத்தியர்கள் அறிந்த ஆகாயத்தாமரை வேறு. அது சிறு முட்டைக்கோசுபோல் மிதப்பது. வெங்காயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்கா. பூவின் அழகுக்காகத் தேசம் தேசமாகக் கொண்டுபோகப்பட்டு, போன இடமெல்லாம் வீட்டுக்காரரையே வெளியேற்றியது.

தகுந்த வெயிலும் உரமும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இது இரட்டிக்கும். இன்று பத்துச் செடியானால், பன்னிரண்டு வாரத்தில் அறுநூற்று நாற்பது! கணக்குப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு திக்கென்கிறது. வெயில் உள்ளே புகாது. மீன் மூச்சுத் திணறும். திறந்த குளத்தைவிட அதிக ஜலம் இலை வழியாக ஆவியாகிவிடும்.

வங்காளத்தார் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆறும் நெல் வயலும் இதனால் அடைபட்டதைக் கண்டு, 1936-ம் வருஷத்தில் இதற்கென்றே அங்கே சட்டம் செய்தார்கள். 1937-ல் நடந்த தேர்தலில் இதை ஒழிப்பதும் ஒரு வாக்குறுதியாக இருந்தது. ஒரு செடி அரசியல் விஷயமான கதை அது.

சேர்த்தலையின் பாடம்

நமக்கு இன்னும் பயன்படும் கதை கேரளத்துச் சேர்த்தலையில் நடந்தது. அங்கே வீட்டுக்கு வீடு குட்டை உண்டு. ஆகாயத்தாமரை முதலிய செடிகளின் வேரைத் துளைத்து, அதிலிருந்து மூச்சு வாங்கி வளரும் ஒருவகைக் கொசுப் புழு. அந்தக் கொசுவினால் யானைக்கால் வியாதி பரவியது. செடியை எடுத்தால் வியாதி போகும். ஆனால் தென்னைக்கு எருவாகும் செடியை யார் எடுப்பார்கள்?

பாண்டிச்சேரியிலுள்ள கொசு ஒழிப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் ஒரு யுக்தி செய்தார்கள். "வியாதிக்காக எடுங்கள்" என்பதோடு நிற்காமல், "குட்டையில் மீன் வளர்த்துப் பாருங்கள்" என்றார்கள். மீனால் வரும்படி கிடைக்கும் என்று தெரிந்ததும், குட்டைக்காரர்கள் தாங்களே செடியை அகற்ற முன்வந்தார்கள்.

செய்ய வேண்டியவை

சிறு குளத்துக்குக் கையே சிறந்த கருவி. இருவர் இரு கரையில் நின்று நீண்ட கயிற்றை நீர்மட்டத்தில் இழுத்துக்கொண்டு போனால், மிதக்கும் செடிகள் ஒரு மூலைக்கு ஒதுங்கும். அங்கே அள்ளுவது எளிது. பூப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அள்ளியதைக் கரையோரத்தில் போட்டால் அடுத்த மழை திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். தள்ளிக் குவித்துச் சாணத்தோடு மக்கவிட்டால் எருவாகும். சாக்கடையோ ஆலைக் கழிவோ கலந்த குளத்துச் செடியை மட்டும் எருவாக்க வேண்டாம்.

வேலம்பாசி போல நீருக்குள் வளர்பவை வேறு ரகம். அறுந்த துண்டெல்லாம் மறுபடி முளைக்கும். அவற்றுக்குப் புல்கெண்டை மீன் நல்ல மருந்து. 1959-ல் நம் தேசத்துக்கு வந்த மீன் அது. இளம் பாசியை ஆவலோடு தின்னும். ஆனால் வெங்காயத்தாமரையை அது ஒழிக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

மருந்து தெளிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மாடு குடிக்கும் ஜலத்தில் விஷத்தைக் கலப்பானேன்? மேலும், செத்த செடி அவ்வளவும் ஒரே சமயத்தில் அழுகினால் ஜலத்திலுள்ள பிராணவாயு தீர்ந்து, மீன்கள் மிதக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரத்துக்காலில் மூங்கில் தட்டி வைத்து வெளிச்செடியைத் தடுக்க வேண்டும். சாக்கடையும் வயல் உரமும் குளத்தில் விழாமல் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை கரையைச் சுற்றி வந்து, கண்ணில் பட்ட முதல் செடியைப் பிடுங்க வேண்டும். அன்று ஒரு நிமிஷ வேலை. மூன்று மாதம் கழிந்தால் பத்து ஆள் கூலி.

ஆற அமர யோசித்தால், செடி வந்ததால் நாம் குளத்தைக் கைவிட்டோமா, கைவிட்டதால் செடி வந்ததா? பம்பு செட் வந்த பிறகு குளத்துப் படியில் இறங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தினம் நாலு பேர் குடம் மொண்ட துறையில் வெங்காயத்தாமரை தலை தூக்கினால் அன்றே கண்ணில் பட்டிருக்கும். நாளைக் காலையில் ஒரு தடவை உங்கள் குளக்கரைக்குப் போய் வாருங்கள். ஊதாப் பூ கண்ணில் பட்டால், ரசித்துக்கொண்டே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.