மேடையில் பேஸ் வாசிக்கிறீர்களா? ட்யூனர் வாங்குமுன் இதைப் படிங்க!

ஒரு பாட்டு முடிகிறது. கைதட்டல் அடங்குவதற்குள் பாடகர் அடுத்த பாட்டைப் பற்றி இரண்டு வரி பேச ஆரம்பிக்கிறார்.

உங்கள் பேஸ் கித்தாரின் தடித்த கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சரிசெய்யக் கிடைப்பது 15 நொடி. மேடை விளக்கு கண்ணைக் கூசுகிறது. டிரம்ஸ் வாசிப்பவரோ சும்மா இருக்காமல் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

அந்த 15 நொடியில் கைகொடுப்பதுதான் மேடைக்கேற்ற ட்யூனர். 

வீட்டில் நன்றாக வேலைசெய்யும் ட்யூனர் மேடையில் ஏன் காலை வாருகிறது? வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

பேஸ் இறங்கினால் யாருக்குக் கெட்ட பெயர்?

"பேஸா? அது எங்கே கேட்கப்போகுது!" என்று கேலிசெய்யும் நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

இளையராஜா பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டே பாடும்.

பேஸ்தான் பாட்டின் அடித்தளம். மற்றவர்களின் சுருதி சரியா தவறா என்பதை நம் காது அதை வைத்துத்தான் முடிவுசெய்கிறது.

அதனால் பேஸ் கொஞ்சம் இறங்கினால் "பேஸ் தப்பு" என்று யாரும் சொல்வதில்லை. "பாடுறவருக்குச் சுருதி சேரலையே" என்றுதான் சொல்வார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

எவ்வளவு விலகினால் தெரியும்? சுருதி வித்தியாசத்தைச் 'சென்ட்' என்ற அளவில் சொல்வார்கள். (காசு சென்ட் இல்லீங்க!) கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருப்பது 100 சென்ட்.

உங்கள் 'இ' கம்பி 10 சென்ட் மட்டும் இறங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பியின் அடிப்படை அதிர்வு நொடிக்கு 41.2 முறை. ஆனால் அதோடு சேர்ந்து அதன் 4 மடங்கான 164.8 ஹெர்ட்ஸ் ஒலியும் வரும். கீபோர்டு வாசிப்பவர் அதே 164.8 ஹெர்ட்ஸ் 'இ'யை அழுத்தும்போது இரண்டும் மோதும். நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை ஒலி ஏறி இறங்கும்.

கேட்பவர்களுக்குக் காரணம் புரியாது. ஆனால் ஏதோ உறுத்தும்.

ட்யூனருக்கு பேஸ் என்றால் ஏன் சிரமம்?

நான்கு கம்பி பேஸின் வழக்கமான சுருதி இது:

- இ – 41.2 ஹெர்ட்ஸ்
- ஏ – 55 ஹெர்ட்ஸ்
- டி – 73.4 ஹெர்ட்ஸ்
- ஜி – 98 ஹெர்ட்ஸ்

ஐந்து கம்பி பேஸில் இவற்றுக்கும் கீழே 'பி' வரும். அது 30.9 ஹெர்ட்ஸ்.

சுருதியைக் கண்டுபிடிக்க, ட்யூனர் ஒலியின் சில அதிர்வுகளையாவது முழுசாகப் பார்க்கவேண்டும். சாதாரண கித்தாரின் மெல்லிய 'இ' கம்பியில் ஓர் அதிர்வுக்கு 3 மில்லிநொடி போதும். பேஸின் 'இ' கம்பியில் 24 மில்லிநொடி ஆகும். 'பி' கம்பியில் 32 மில்லிநொடி.

அதாவது, பேஸைக் கேட்க ட்யூனருக்குக் கூடுதல் நேரம் தேவை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தடித்த கம்பியில் அடிப்படை ஒலியைவிட அதன் மேல்மடங்கு ஒலிகள் பலமாக இருக்கலாம். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ட்யூனர் தடுமாறும். முள் அங்கும் இங்கும் குதிப்பது அதனால்தான்.

மூன்று வகை: எது எங்கே உதவும்?

*கைத்தொலைபேசிச் செயலி*

இலவசம், எப்போதும் கையில் இருக்கும். வீட்டில் பயிற்சி செய்ய இதுவே போதும்.

ஆனால் அது மைக் வழியாகக் கேட்கிறது. மேடையில் டிரம்ஸ், பாடகர், கூட்டம் எல்லாமே அதன் காதில் விழும். கைத்தொலைபேசியின் சிறிய மைக் மிகத் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிப்பதும் சந்தேகம்தான்.

*கிளிப் ட்யூனர்*

கித்தாரின் தலைப்பகுதியில் கவ்வவைக்கும் சின்னக் கருவி. காற்றில் வரும் ஒலியைக் கேட்காமல் மரத்தின் அதிர்வை உணரும். அதனால் பக்கத்தில் யாராவது பேசினாலும் பாதிப்பு குறைவு. விலையும் குறைவு.

பிரச்சினை என்ன தெரியுமா? மேடையில் மரமும் அதிரும். டிரம்ஸும் பெரிய ஒலிபெருக்கிகளும் முழங்கும்போது உங்கள் கித்தாரே நடுங்கும். தாழ்ந்த கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கச் சில கிளிப்கள் திணறும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். கிளிப்பால் ஒலியை அடக்க முடியாது. பேஸின் வால்யூமைக் குறைத்தால்தான் கூட்டத்துக்குக் கேட்காது.

*பெடல் ட்யூனர்*

தரையில் வைத்துக் காலால் அழுத்துவது. கித்தாரிலிருந்து வரும் கம்பிவடம் நேராக இதற்குள் போகிறது. அதனால் உங்கள் பேஸைத் தவிர வேறு எதுவும் அதற்குக் கேட்காது.

காலால் ஒருமுறை அழுத்தினால் ஒலி முழுவதும் நின்றுவிடும். நீங்கள் சுருதி சேர்ப்பது யாருக்கும் தெரியாது. மறுபடி அழுத்தினால் வாசிக்கத் தயார்.

கையடக்க மின்னணு ட்யூனர்கள் 1970களிலேயே வந்துவிட்டன. மேடைக் கலைஞர்களின் காலடிக்கு அதைக் கொண்டுவந்தவற்றுள் முக்கியமானது, பாஸ் (Boss) நிறுவனம் 1998இல் வெளியிட்ட டியூ-2 பெடல். 2010இல் வந்த பாலிட்யூன், எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் மீட்டிப் பார்க்கும் வசதியைத் தந்தது. எந்தக் கம்பி விலகியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கடையில் கேட்கவேண்டிய 5 கேள்விகள்

சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போனால் கித்தார்க் கடைகள் இருக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் உங்கள் பேஸை எடுத்துப் போங்கள். கடையிலிருக்கும் சாதாரண கித்தாரில் சோதித்துப் பார்த்து ஏமாறவேண்டாம்.

1. எவ்வளவு தாழ்ந்த ஒலிவரை பிடிக்கும்?

ஐந்து கம்பி பேஸ் என்றால் 30.9 ஹெர்ட்ஸ்வரை கேட்கவேண்டும். 'பி' கம்பியை மீட்டிப் பாருங்கள். ஓரிரு நொடியில் எழுத்து நிலையாக நிற்கிறதா? நிற்காவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

2. ஒலியை முழுதாக அடக்குமா?

சில பெடல்களில் சுருதி பார்க்கும்போதும் ஒலியைக் கேட்கவைக்கும் வசதி இருக்கும். மேடைக்கு அடக்கும் வசதிதான் முக்கியம்.

3. வெயிலில் தெரியுமா?

எஸ்பிளனேட் வெளிப்புற அரங்கில் மாலை நேரத்தில் வாசிப்பதும் இருட்டான அறையில் வாசிப்பதும் ஒன்றில்லை. நின்றபடியே காலடியில் இருக்கும் விளக்கு தெரியவேண்டும். கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

4. அடிப்படைச் சுருதியை மாற்ற முடியுமா?

உலகம் முழுதும் பொதுவாக 'ஏ' என்றால் 440 ஹெர்ட்ஸ். அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் நல்லது. ஏன் என்று கீழே பார்ப்போம்.

5. மின்சாரம் எங்கிருந்து?

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் அடாப்டர் தேவை. சில, பேட்டரியிலும் ஓடும். மற்ற பெடல்களும் வைத்திருந்தால் ஒரே அடாப்டரில் சேர்த்து இணைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

0.1 சென்ட் துல்லியம் தேவையா?

பெட்டியில் "±0.1 சென்ட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்குபவர்கள் அதிகம்.

ஆனால் 5 சென்ட்டுக்கும் குறைவான வித்தியாசத்தைப் பிரித்தறிவது நம்மில் பலருக்குக் கஷ்டம். தாழ்ந்த ஒலிகளில் அது இன்னும் கஷ்டம். மேடையில் பரபரப்பில் கம்பியைக் கொஞ்சம் பலமாக மீட்டினாலே அதைவிட அதிகமாகச் சுருதி ஏறி இறங்கும்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் கித்தாரைப் பழுதுபார்ப்பவருக்கும் அந்தத் துல்லியம் பயன்படும். மேடைக்கு ±1 சென்ட் தாராளம். அந்தக் காசில் நல்ல கம்பிவடம் ஒன்று வாங்கலாம்!

ஹார்மோனியத்தோடு வாசிக்கும்போது...

நம் இளையர்கள் பலர் கலவையிசைக் குழுக்களில் வாசிக்கிறார்கள். ஒரு பக்கம் பேஸ், டிரம்ஸ். மறுபக்கம் ஹார்மோனியம், நாகஸ்வரம்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ட்யூனரில் பச்சை விளக்கு எரிகிறது. எல்லாக் கம்பியும் சரி. ஆனாலும் சேர்ந்து வாசித்தால் ஒட்டவில்லை!

ஹார்மோனியத்தின் ஒலி அதன் உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளிலிருந்து வருகிறது. அதன் சுருதியை மேடையில் திருகி மாற்ற முடியாது. அது 440க்குப் பதிலாக 442இல் இருந்தால், மற்றவர்கள்தான் அதனிடம் போகவேண்டும்.

செய்யவேண்டியது இதுதான். ஒத்திகையின்போது ஹார்மோனியக் கலைஞரிடம் ஆறு கட்டையை, அதாவது 'ஏ'யை, அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசிச் செயலி எத்தனை ஹெர்ட்ஸ் என்று காட்டும். 440ஐ ஒட்டிய எந்த எண் வருகிறதோ அதையே உங்கள் பெடலிலும் வையுங்கள். 220, 880 என்பதை ஒட்டி வந்தால் குழம்பவேண்டாம். அதுவும் 'ஏ'தான். 440க்கு இரட்டிப்பாக்கியோ பாதியாக்கியோ கணக்கிடுங்கள்.

கீபோர்டு வாசிப்பவரும் அதே எண்ணுக்கு மாறவேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் மறக்காமல் 440க்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு குழுவில் அவதிப்படுவீர்கள்.

எங்கே இணைக்கவேண்டும்?

பெடல்கள் பல இருந்தால் ட்யூனர்தான் முதலில். பேஸிலிருந்து வரும் சுத்தமான ஒலி அதற்குப் போகட்டும். மற்ற பெடல்கள் ஒலியை மாற்றிய பிறகு ட்யூனருக்கு அனுப்பினால் அது குழம்பும்.

உங்கள் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரி இருக்கிறதா? வாசிக்காத நேரத்தில் கம்பிவடத்தைப் பிடுங்கிவையுங்கள். இணைத்தே இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். பேட்டரி பலம் குறைந்தால் ஒலி கெடும், ட்யூனரும் தடுமாறும்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே...

இது சிங்கப்பூரில் எல்லாருக்கும் நடப்பது. குளிர்சாதன அறையில் சுருதி சேர்த்துவிட்டு வெளிமேடைக்குப் போகிறீர்கள். கம்பிகள் சூடாகி நீளும். இழுவிசை குறையும். சுருதி இறங்கும்.

மேடை விளக்கின் சூடும் அதையே செய்யும்.

எனவே, முடிந்தால் 20, 30 நிமிடத்துக்கு முன்னதாகவே பேஸை உறையிலிருந்து எடுத்து, வாசிக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் வையுங்கள். அது அந்த இடத்துக்குப் பழகிய பிறகு சுருதி சேருங்கள்.

15 நொடியில் சுருதி சேர்ப்பது எப்படி?

- பெடலை அழுத்தி ஒலியை அடக்குங்கள்.
- பேஸின் வால்யூம் முழுதாகத் திறந்திருக்கட்டும். 'டோன்' திருகைக் குறைத்தால் மேல்மடங்கு ஒலிகள் அடங்கும்.
- மற்ற கம்பிகளை உள்ளங்கையால் தொட்டு அடக்குங்கள்.
- விரலால் மெதுவாக ஒருமுறை மீட்டுங்கள். பலமாக மீட்டினால் சுருதி முதலில் ஏறிக் காட்டும்.
- ட்யூனர் தடுமாறினால் 12ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டபடி மீட்டுங்கள். 41.2க்குப் பதில் 82.4 ஹெர்ட்ஸ் வரும். ட்யூனருக்கு அது எளிது.
- சுருதி ஏறியிருந்தால் முதலில் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் கம்பி நழுவாது.

நான்கு கம்பியையும் பார்க்க நேரமில்லையா? அதிகம் பயன்படும் 'இ', 'ஏ' இரண்டையாவது பாருங்கள்.

சரி, எதை வாங்கலாம்?

வீட்டில் மட்டும் வாசிக்கிறீர்களா? செயலி போதும். பள்ளியில், சமூக மன்றத்தில் எப்போதாவது வாசிக்கிறீர்களா? பேஸின் தாழ்ந்த கம்பியைப் பிடிக்கும் நல்ல கிளிப் ஒன்று போதும்.

டிரம்ஸோடு மேடை ஏறப்போகிறீர்கள் என்றால் பெடலுக்குச் சேமியுங்கள். புதியதுதான் வேண்டும் என்றில்லை. பழையதை விற்பவரிடம் உங்கள் பேஸை இணைத்துச் சோதித்து வாங்கலாம். கிளிப்பையும் தூக்கிப் போடாதீர்கள். அடாப்டர் மக்கர் பண்ணும் நாளில் அதுதான் காப்பாற்றும்.

அடுத்த நிகழ்ச்சியில் உங்கள் பேஸ் சரியாக இருந்ததற்காக யாரும் வந்து உங்களைப் பாராட்டமாட்டார்கள். "இன்னிக்கு ரொம்ப நல்லா பாடினீங்க" என்று பாடகரைத்தான் பாராட்டுவார்கள்.

உங்கள் வேலை சரியாக நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.