மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு, மூன்று விநாடிச் சத்தம்

பேரவைக் கூட்டத்தில் நாம் ‘மகிழுந்து’ என்று எழுதுவோம். கூட்டம் முடிந்து நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அது ‘காடி’ ஆகிவிடும். காடி கிளம்ப மறுத்தால் அதற்கு வேறு பெயர்களும் உண்டு. அவற்றை ஆண்டிதழில் அச்சிட முடியாது. இந்தக் கட்டுரையில் ‘கார்’ என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

படிக்கும் காலத்தில் பெட்டாலிங் ஜெயா செக்‌ஷன் 17இல் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கையில் இருந்தது பலர் ஓட்டிக் கழித்த ஒரு சிறிய கார். காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து ‘கடகட’வென்று ஒரு சத்தம் வரும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். இரண்டு மூன்று விநாடிகளில் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று நானும் விட்டுவிட்டேன். சில மாதங்களில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு பட்டறையில் குறியீட்டைப் படித்து, ஒரு சென்சாரை மாற்றி, விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். மூன்று நாளில் விளக்கு திரும்பி வந்தது. பிறகு, செக்‌ஷன் 14 சாலை விளக்கில் நிற்கும்போதெல்லாம் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. வண்டி நகர்ந்தால் அணைந்துவிடும். ‘இதுவும் சென்சார்தான்’ என்று நானே மருத்துவம் பார்த்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிள்ளானுக்குக் கிளம்பினேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவைத் தாண்டவில்லை. எஞ்சின் நின்றது, மீண்டும் ஓடவே இல்லை.

சத்தம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகள் என்பது எஞ்சினைப் பிரித்த பிறகே எனக்குத் தெரிந்தது. அந்த நோய் டைமிங் சங்கிலியுடையது.

எஞ்சினுக்குள் இரண்டு முக்கியத் தண்டுகள் சுழல்கின்றன. கீழே இருக்கும் கிராங்க் தண்டைச் சுழற்றுபவை பிஸ்டன்கள். மேலே இருக்கும் கேம் தண்டின் வேலை வால்வுகளைத் திறந்து மூடுவது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது கிராங்க் விநாடிக்கு 50 முறையும் கேம் 25 முறையும் சுழல்கின்றன. இந்தக் கணக்குப் பிசகாமல் இரண்டையும் கட்டி வைத்திருப்பது ரப்பர் பெல்ட் அல்லது இரும்புச் சங்கிலி. பிசகினால், பல எஞ்சின்களில் மேலேறி வரும் பிஸ்டன் இன்னும் மூடாத வால்வை முட்டி வளைத்துவிடும்.

நம் நாட்டுப் பழைய கார்களில் இரண்டு வகையும் உண்டு. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, பின்னர் வந்த வீரா, 2000இல் வந்த வாஜா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவை பெல்ட் கார்கள். 2005இல் வந்த மைவி சங்கிலிக் கார். பெல்ட்டுக்கு ஆயுள் குறித்திருப்பார்கள். பெரும்பாலும் 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். அந்தந்தக் காரின் கையேடு சொல்வதே முடிவு. சங்கிலிக்கு அப்படித் தேதி கிடையாது. அதனால்தான் ‘சங்கிலி சாகும்வரை வரும்’ என்ற பேச்சு கிளம்பியது. யார் சாகும்வரை என்று அப்போது கேட்டிருக்க வேண்டும்.

சங்கிலி ‘இழுபடுகிறது’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் இருக்கும் சிறு ஊசி தேய்கிறது. ஒரு கணுவில் மயிரிழை அளவு; நூற்றுக்கும் மேற்பட்ட கணுக்களையும் கூட்டினால் சங்கிலி நீளமாகிவிடுகிறது. அந்தத் தொய்வை இறுக்கிப் பிடிக்க டென்ஷனர் என்றொரு கருவி உண்டு. பல கார்களில் அது எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. இரவெல்லாம் கார் நிற்கும்போது டென்ஷனரில் உள்ள எண்ணெய் வடிந்துவிடும். காலையில் அழுத்தம் ஏறும் வரை தொய்ந்த சங்கிலி பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தாங்கிகளில் மோதும். என் மூன்று விநாடிச் சத்தம் அதுதான்.

அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்தால் கதை சுற்றி வளைத்து வரும். மோதி மோதிப் பிளாஸ்டிக் தாங்கி உடைகிறது. துண்டுகள் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில் விழுந்து, எண்ணெயை உறிஞ்சும் வலையை அடைக்கின்றன. எண்ணெய் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் டென்ஷனர் மேலும் தளர்கிறது. சங்கிலி மேலும் மோதுகிறது. ஒருநாள் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டிவிடுகிறது.

இனி விளக்குகளுக்கு வருவோம். விளக்கு, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத்தான் அதன் நிறம் சொல்கிறது. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் பட்டறைக்குப் போகலாம். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். அது புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியில் போய் எரிந்து அதையும் கெடுக்கும். காலை எடுத்து மெதுவாக ஓட்டி, சீக்கிரம் நிறுத்த வேண்டும். சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் ‘வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்’ என்ற பேச்சே கூடாது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. பல கார்களில் அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.5 பார் அளவுக்கு வீழ்ந்த பிறகுதான் அது எரியும். அதாவது, விளக்கு எரியும்போதே காலம் கடந்துவிட்டது.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, அளவுக்குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டுப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் சிவப்பு எரிந்தால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். சுவிட்ச்தான் கெட்டதா, உண்மையிலேயே அழுத்தம் இல்லையா என்பதற்கு ஊகம் தேவையில்லை. பட்டறையில் அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கலாம். கால் மணி நேர வேலை. நான் கேட்கவில்லை; யாரும் செய்யவுமில்லை.

மஞ்சள் விளக்கின் குறியீடு இன்னொரு பொறி. 1996 முதல் அமெரிக்காவிலும் 2001 முதல் ஐரோப்பாவின் புதிய பெட்ரோல் கார்களிலும் கார் தன் கோளாறைப் பொதுவான குறியீட்டில் சொல்ல வேண்டும் என்பது சட்டமானது. இங்கே அது ஒரே நாளில் வரவில்லை. பழைய உள்ளூர் கார்கள் சில, கைப்பேசியோடு இணையும் மலிவுக் கருவிக்குப் பதிலே சொல்லாது. பட்டறைக் கருவிதான் வேண்டும். ‘பி0340’ என்றால் கேம் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. ‘பி0016’ என்றால் கிராங்க்கும் கேமும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில் சென்சார் பொய் சொல்லியிருக்கலாம், உண்மையும் சொல்லியிருக்கலாம். என் காரில் வந்தது பி0016. உண்மை சொன்ன சாட்சியைத் தூக்கிவிட்டுப் புதுச் சாட்சியை உட்கார வைத்தோம். அதுவும் அதையே சொன்னது.

இந்தக் குறியீடு வந்தால் முதலில் எண்ணெயின் அளவும் தரமும், பிறகு வயர்கள், பிறகு வால்வு நேரத்தை மாற்றும் எண்ணெய் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதன் சிறு வலையில் கசடு அடைத்தாலும் இதே குறியீடு வரலாம். எல்லாம் சரியென்றால் மேல்மூடியைத் திறந்து, முதல் சிலிண்டரை உச்சத்தில் நிறுத்தி, பல்சக்கரக் குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். சங்கிலியில் உள்ள வண்ணக் கணுக்கள் அப்போது குறியோடு ஒத்துவராவிட்டால் பதற வேண்டாம். அவை பல சுற்றுகளுக்கு ஒருமுறைதான் நேராக வரும்.

எல்லாவற்றுக்கும் வேர் எண்ணெய்தான். நம்மவர்கள் ‘மிஞாக் ஹித்தாம்’ என்று சொல்லும் அதை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது பட்டறை வழக்கம். ஆனால் கிலோமீட்டர் நம்மை ஏமாற்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 5,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 83 மணி நேரம் உழைக்கிறது. மாலை நெரிசலில் சராசரி 15 என்றால் 333 மணி நேரம். மீட்டரில் இரண்டும் ஒரே எண்தான். பக்கத்து செக்‌ஷனுக்குப் போய் வரும் குறும்பயணங்கள் இன்னும் மோசம். எண்ணெய் முழுதாகச் சூடேறாமல் ஈரமும் பெட்ரோலும் அதிலேயே தங்கிக் கசடாகின்றன.

பழைய கார் வாங்கப் போகும் தம்பி தங்கைகள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ‘ஆன்’ நிலை வரை திருப்பினால் மஞ்சளும் சிவப்பும் எரிய வேண்டும். எரியாத விளக்கு நல்ல செய்தியல்ல, பல்பைப் பிடுங்கியிருப்பார்கள். குறியீட்டை அன்று காலைதான் அழித்திருந்தால், கருவியில் உட்சோதனைகள் முடியவில்லை என்று காட்டும். வானொலியை நிறுத்திவிட்டுக் கிளப்புங்கள். உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையில் சங்கிலியைத் திறந்து பார்ப்பதில்லை. உங்கள் காதுதான் பார்க்க வேண்டும். ‘கீச்’ என்ற சத்தம் பெரும்பாலும் வெளி பெல்ட்டுடையது, மலிவாக முடியும். ‘கடகட’ என்றால் விலையைப் பேசுமுன் சங்கிலிச் செலவைப் பேசுங்கள்.

என் காரை இறுதியில் பார்த்தது வேறொரு போமன் அண்ணன். தொட்டியைக் கழற்றி, வலையில் சிக்கிய பிளாஸ்டிக் துண்டுகளை என் உள்ளங்கையில் கொட்டினார். வால்வுகள் வளைந்திருந்தன, பேரிங்குகளும் எண்ணெய் இல்லாமல் உரசிப் போயிருந்தன. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களை விற்கும் ‘ஹாப்கட்’ கடையிலிருந்து ஒரு எஞ்சின் வாங்கினோம். என் முதல் இரண்டு மாதச் சம்பளம் அதற்கே போனது. “அண்ணே, இது நல்லாத்தானே ஓடுது, அப்படியே மாட்டிடலாமே” என்றேன். “தம்பி, இது அங்க எப்படி ஓடுச்சுன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, சங்கிலி, டென்ஷனர், தாங்கிகள், பல்சக்கரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் சங்கிலி போட்டால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடுமாம்.

மூடுவதற்கு முன் என் பழைய சங்கிலியையும் புதிய சங்கிலியையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினார். பழையது ஏறக்குறைய அரைக் கணு நீண்டிருந்தது. பிறகு, சாவியைத் தொடாமல், ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினார். எங்கும் முட்டவில்லை; குறிகள் மீண்டும் நேராக வந்து நின்றன. அதற்கப்புறம்தான் சாவியை என்னிடம் கொடுத்தார்.